ஒரு கேஸ்கெட்தானே!

போர்ஷே 944 காரின் ஆயில் பேன் கேஸ்கெட் ஒன்றும் பெரிய விலை இல்லை. வில்லங்கமெல்லாம் அது இருக்கும் இடத்தில்தான். பேனைக் கழற்றலாம் என்று அடியில் படுத்தால் முன் கிராஸ்மெம்பர் வழிமறிக்கும். எஞ்சினே அதன்மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. ஆகவே எஞ்சினை மேலிருந்து தாங்கிப் பிடித்து, ஸ்டியரிங் ரேக்கை விடுவித்து, கிராஸ்மெம்பரை இறக்க வேண்டும். மூக்குத்தித் திருகாணி தொலைந்ததற்கு வீட்டையே காலி செய்கிற கதை.

அதோடு விட்டதா? "இவ்வளவு கழற்றியாச்சு, இதையும் பார்த்துடலாமே" என்ற அசரீரி கேட்கும். இந்த எஞ்சினில் இரண்டாம் ராட் பேரிங் பேர்போன நோயாளி. பேன் இறங்கியிருக்கும்போது அதை விசாரிக்காமல் வருவது மரியாதையில்லை. எண்ணெயில் ஊறிய எஞ்சின் மவுண்ட்டுகளும் கைநீட்டும். கடைசியில் பில்லைப் பார்த்தால் கேஸ்கெட்டின் விலையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

1982 முதல் 1991 வரை தயாரான கார் இது. ஒழுகாத ஒன்றைக் கண்டால் உள்ளே ஆயில் இருக்கிறதா என்று சந்தேகப்படலாம். ஆயில் கூலர் சீலும் பேலன்ஸ் ஷாஃப்ட் சீலும் மேலே ஒழுக, பழி கீழே பேன்மீது விழுவதும் உண்டு. எனவே ஸ்பேனரை எடுக்குமுன் ஒரு துணியை எடுத்து நன்றாகத் துடைத்து, வண்டியை ஓட்டிவிட்டுப் பாருங்கள்.