கவுத்துப் பாருங்க மாப்ளே!

புது வீட்டுக்குக் கம்பளம் வாங்கப் போறீங்கன்னு பேத்தி சொல்லிச்சு. ரொம்பச் சந்தோஷம் மாப்ளே. மூலக்குளத்துல மாடி வீடு. தரைக்கு டைல்ஸ் பதிக்கத் தனியா கடன் வாங்கினீங்க. இப்ப அந்த டைல்ஸு கண்ணுக்குத் தெரியாம மூடி வைக்க இன்னொரு கடன் வாங்கப் போறீங்க. படிச்சவங்க கணக்கு, எங்களுக்கு எங்க புரியப் போவுது!

எனக்குக் கம்பளம் தெரியாது. நூலு தெரியும். 1898-ல ஆரம்பிச்சு 2020-ல கதவைச் சாத்தின ரோடியர் மில்லுல பாவோடயும் ஊடையோடயும் மல்லுக்கட்டியே தலை நரைச்சவன் நான். கம்பளமும் கடைசியில நூலுதானேங்கிற தைரியத்துல பேசறேன். பிடிக்கலைன்னா, "கிழத்துக்கு வயசாயிடுச்சு"ன்னு பேத்திகிட்ட சொல்லிடுங்க. அவளும் ஆமான்னுதான் சொல்லுவா.

உங்களுக்கு ஒருத்தன் பழைய கம்பளம் ஒண்ணு காட்டினானாமே. வெள்ளைக்காரத் தெரு பங்களாவுல கிடந்ததாம், பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்த ஒரு சொல்தா குடும்பத்துகிட்டேர்ந்து வந்ததாம், டூப்ளே துரையே அது மேல நடந்தாராம். நடந்திருப்பாரு, யாரு கண்டா? ஆனா அந்தக் கம்பளத்துல ஒரு பளீர் ரோஸ் கலர் இருந்துச்சுன்னு நீங்களேதான் சொன்னீங்க. அங்கதான் இடிக்குது. டூப்ளே இங்க புதுச்சேரியில கவர்னரா இருந்தது 1742-லேர்ந்து 1754 வரைக்கும். 1763-ல செத்தே போயிட்டாரு. பெர்கின்னு ஒரு பையன் லண்டன்ல முதல் ரசாயனச் சாயத்தைக் கண்டுபிடிச்சது 1856-ல. அந்த மாதிரிப் பளீர் கலரெல்லாம் அதுக்குப் பின்னாடி வந்ததுதான். ஆக, செத்து 93 வருஷம் கழிச்சு எந்திரிச்சு வந்து, அதுக்கப்புறம் நெய்த கம்பளத்துல நடந்திருக்காரு. பெரிய மனுஷன்தான்!

சாய விஷயத்துல நம்ம ஊருக்காரனை ஏமாத்தலாமா மாப்ளே? அவுரியில தோய்ச்ச நீலத் துணியைக் கப்பல்ல ஏத்தி, செனகல் வரைக்கும் அனுப்பின ஊரு இது. கினி துணின்னு பேரு. ஆப்பிரிக்காக் கரையில அதைப் பணமாவே எண்ணிக் கொடுத்து, பிரெஞ்சுக்காரன் கோந்து வாங்கியிருக்கான். அந்த ஊருல பொறந்துட்டு ரோஸ் கலரைப் பார்த்து மயங்கினா, டூப்ளே காலத்துல டைரி எழுதின ஆனந்தரங்கப் பிள்ளை இருந்தா, அன்னிக்கே அதுல எழுதி வச்சிருப்பாரு.

நூறு வருஷம் தாண்டின கம்பளத்தைக் கடைக்காரங்க 'ஆன்டிக்'ம்பாங்க. அதுக்குக் குறைஞ்சு, இருபது முப்பது வருஷமாவது ஆகியிருந்தா 'வின்டேஜ்'. அந்தக் கணக்குல எங்க தெருக் கிழங்க எல்லாமே வின்டேஜ்தான், ஆனா ஒருத்தனும் வந்து விலை கேக்கல. வயசு மட்டும் இருந்தா மதிப்பு வந்துடாது மாப்ளே. கையால நெய்ததா, நூலு உயிரோட இருக்கா, சாயம் நிக்குதா, இந்த மூணையும் பாருங்க. மூணுக்கும் பதிலு கம்பளத்தோட முதுகுல இருக்கு.

கடையில போனதும் என்ன பண்றீங்க? மேல கையைத் தடவி, "மெத்து மெத்துன்னு இருக்கு"ங்கறீங்க. கடைக்காரன் உடனே டீ சொல்லிடறான். தோசையைத் திருப்பாம வெந்துச்சா வேகலையான்னு சொல்லுவீங்களா? கம்பளத்தையும் கவுத்துப் பாருங்க. கையால முடிச்சுப் போட்டதா இருந்தா, மேல தெரியற பூவும் கொடியும் அடியிலயும் அப்படியே தெரியும். வரிசை வரிசையா குட்டி முடிச்சுங்க இருக்கும். ஒரு வரிசை நெருங்கி, ஒரு வரிசை கொஞ்சம் தள்ளி, ஒரு ஓரம் லேசா கோணி இருக்கும். மனுஷன் கை அப்படித்தான். அதைக் குறைன்னு சொல்லி விலை குறைக்கப் பார்க்காதீங்க. அதுதான் அதோட சாட்சிக் கையெழுத்து.

கவுத்ததும் அடியில ஒரு காடாத் துணி ஒட்டியிருந்தா, அது வேற சாதி. துப்பாக்கி கணக்கா ஒரு கருவியால துணியில நூலைக் குத்திக் குத்தி ஏத்தி, பின்னாடி ரப்பர்ப் பசை தடவி, அந்த அசிங்கம் தெரியாம இருக்கத் துணி ஒட்டினது. 'ஹேண்ட் டஃப்டட்'னு லேபிள்ல இருக்கும். 'ஹேண்ட்'டுன்னு பார்த்ததும் நீங்க காசை எடுத்துடுவீங்க. கை பட்டது உண்மைதான், துப்பாக்கியும் கையிலதானே பிடிக்கணும்! கெட்ட பொருள்னு சொல்லலை. குறைஞ்ச விலைக்குக் குறைஞ்ச காலம் உழைக்கும். நாளாக நாளாக அந்தப் பசை பொடிப்பொடியா உதிரும், நாத்தமும் வரும். கடல் காத்து அடிக்கிற ஊருல அதைப் பேரனுக்கு எழுதி வைக்காதீங்க.

ஓரத்துல தொங்கற குஞ்சத்தையும் பிடிச்சுப் பாருங்க. கைக்கம்பளத்துல அந்தக் குஞ்சம் தனிச் சரக்கு இல்ல, தறியில கட்டின பாவு நூலோட நுனிதான். உள்ளேர்ந்து ஓடி வந்து வெளிய முடியும். அதைத் தனியா வாங்கி ஓரத்துல தைச்சிருந்தா, தையலு காட்டிக் கொடுத்துடும். பொய்யை மறைக்கக் குஞ்சம் கட்டறது கம்பளக் கடையில மட்டும் நடக்கற காரியமில்ல, அதை விடுங்க.

அடுத்து விலை. 'காஷ்மீர் பட்டு, கையால முடிச்சது, நாலுக்கு ஆறு அடி, பன்னெண்டாயிரம்தான் சார்'னு ஒருத்தன் சொன்னானா? ஒரு சதுர அங்குலத்துக்கு 300 முடிச்சுன்னும் சொன்னானா? சபாஷ். பேப்பரும் பென்சிலும் எடுங்க. நாலுக்கு ஆறுன்னா 24 சதுர அடி. அது 3,456 சதுர அங்குலம். முந்நூறால பெருக்கினா பத்து லட்சத்து 36 ஆயிரத்து 800 முடிச்சு. ஒரு ஆளு நாளைக்கு ஆறாயிரம் முடிச்சு போடறான்னே வச்சுக்கோங்க, 170 நாளுக்கு மேல ஆவும். நாள் கூலி ஐந்நூறுன்னாலும் கூலியே 86 ஆயிரத்தைத் தாண்டும். பட்டு விலை, சாயம், கடை வாடகை, உங்களுக்குக் கொடுத்த டீ எல்லாம் இன்னும் வரலை. பன்னெண்டாயிரத்துக்குக் கொடுக்கறான்னா, ஒண்ணு அவன் தர்மப் பிரபு, இல்ல அது பட்டும் இல்ல, முடிச்சும் இல்ல. தர்மப் பிரபுங்க கம்பளக் கடை வைக்க மாட்டாங்க.

பட்டா இல்லையான்னு சந்தேகமா? கடைக்காரன்கிட்டயே கேட்டு, ஓரத்துல ஒரு இழை பிய்ச்சு நெருப்புல காட்டுங்க. பட்டும் கம்பளியும் எரிஞ்சா முடி கருகற நாத்தம் வரும், கரியை நசுக்கினா பொடியாவும். காகிதம் எரியற வாசனை வந்தா அது விஸ்கோஸு. 'மூங்கில் பட்டு', 'ஆர்ட் சில்க்'னு பேரு மாத்தி விப்பாங்க. தண்ணி பட்டா சப்பையா படுத்துக்கும், மஞ்சள் பூக்கும். உருகி உருண்டையாச்சுன்னா பிளாஸ்டிக் நூலு. இழை பிய்க்க விடமாட்டேன்னு கடைக்காரன் குதிச்சா, அதுவும் ஒரு பதிலுதான். நிஜக் காஷ்மீர்ச் சரக்கு வேணும்னா, 2022-லேர்ந்து அங்க புவிசார் குறியீட்டோட க்யூஆர் லேபிள் ஒட்டித் தராங்க, போன்ல காட்டிப் படிச்சுக்கலாம். நாள் முழுக்கப் போனைத்தானே பார்க்கறீங்க, இதுக்கும் கொஞ்சம் பாருங்க.

பழசுதான் வேணும்னு அடம் பிடிக்கறீங்களா? சரி. முடியை விரல்ல பிரிச்சு வேரைப் பாருங்க. வருஷக்கணக்கா வெயில்ல வெளுத்தது, நுனியில வெளுத்து, கீழ போகப் போகக் கொஞ்சம் கொஞ்சமா நிறம் ஏறும். மருந்து போட்டு வெளுத்ததும், டீத்தண்ணியில முக்கிப் பழசாக்கினதும் அப்படி இருக்காது. பல சமயம் முதுகுல கூட ஒரே சீரா மங்கியிருக்கும். வெயிலு எப்படி மாப்ளே அடியில போய் அடிச்சுது? அப்புறம் ஒரு மூலையை மெதுவா மடிச்சுக் காதுகிட்ட வையுங்க. படபடன்னு ஒடியற சத்தம் கேட்டா, பாவு நூலு உளுத்துப் போச்சு. நனைஞ்சு நனைஞ்சு காய்ஞ்சது. அதை வாங்கினா சுவத்துலதான் மாட்டணும். ஈரமான வெள்ளைக் கைக்குட்டையால செவப்பு மேல நல்லாத் தேயுங்க. கைக்குட்டை செவந்தா, வீட்டுல முதல் தடவை தண்ணி கொட்டற அன்னிக்கு டைல்ஸும் செவக்கும்.

ஒட்டுப் போட்டதுக்கெல்லாம் முகம் சுளிக்காதீங்க. லண்டன்ல விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்துல அர்தபில் கம்பளம்னு ஒண்ணு இருக்கு, 1539-40-ல பாரசீகத்துல நெய்தது. அதுக்கு ஜோடி ஒண்ணு உண்டு. ஜோடியை வெட்டித்தான் இதோட ஓட்டையை அடைச்சிருக்காங்க. வெட்டினது போக மிச்சமான ஜோடி, கரை இல்லாம, இப்ப லாஸ் ஏஞ்சல்ஸ்ல கிடக்கு. அந்தப் பெரிய கம்பளத்துக்கே சாயம் போயிடும்னு அரை மணிக்கு ஒரு தடவை பத்து நிமிஷம்தான் விளக்குப் போடறாங்க. நீங்க என்னன்னா மேக்கு ஜன்னல் ஓரமா விரிச்சு, சாயங்கால வெயிலுக்கு விருந்து வைக்கப் போறீங்க.

இவ்வளவு சுத்தறீங்களே, பக்கத்துல இருக்கற பவானியை நினைச்சுப் பார்த்தீங்களா? காவிரியும் பவானியும் கூடற எடம், ஈரோடு ஜில்லா. பத்தொன்பதாம் நூத்தாண்டுக் கடைசியில இங்கிலீஷ் மில்லுத் துணி வந்து நம்ம நெசவாளி வயித்துல அடிச்சப்ப, அங்கத்து ஜங்கமர்னு ஒரு கூட்டம், 'நீ மெல்லிசுல போட்டிக்கு வா, நான் மொரடுல போறேன்'னு முரட்டுப் பருத்தி நூலை எடுத்துக் குழித்தறியில ஏத்தினாங்க. பட்டை பட்டையா கலர் போட்டு வந்ததுதான் பவானி ஜமக்காளம். கல்யாணம், கருமாதி, பஞ்சாயத்து, கச்சேரி, எல்லாத்துக்கும் அதே ஜமக்காளம்தான். நீங்க பிறந்தப்ப உங்களைக் கிடத்தினதும் அதுலதான் இருக்கும். இப்ப உங்களுக்கு அது 'லோக்கல்'.

2005-06-லயே அதுக்குப் புவிசார் குறியீடு கிடைச்சாச்சு. 2023-ல லண்டன் ஃபேஷன் வீக் மேடையில அந்தத் துணியில தைச்ச பைங்க போச்சு, கூடவே வயசான பவானி நெசவாளி ஒருத்தரும் நடந்து வந்தாரு. இனிமே உங்களுக்குப் பிடிக்கும்! லண்டன்ல பார்த்துட்டாங்க இல்ல.

அதுலயும் சூது உண்டு. 1985-ல மத்திய சர்க்காரு ஒரு சட்டம் போட்டுச்சு. இன்னின்ன ரகம் கைத்தறிக்கு மட்டும்னு ஒதுக்கினாங்க. இப்ப அதுல 11 ரகம், ஜமக்காளமும் ஒண்ணு. சட்டம் புஸ்தகத்துல பத்திரமா இருக்கு, சோலாப்பூர்ப் பக்கம் விசைத்தறியும் பத்திரமா ஓடுது. அங்கேர்ந்து வர்ற சரக்கு பவானி பேரைச் சொல்லி விலை போவுது. அதனால கைத்தறி முத்திரை இருக்கான்னு பாருங்க, கோ-ஆப்டெக்ஸ்லயோ நம்ம பாண்டெக்ஸ்லயோ கேளுங்க. சண்டே மார்க்கெட்ல காந்தி வீதி பிளாட்பாரத்துல வாங்கறதா இருந்தா, விலையைப் பேசுங்க, பவானின்னு மட்டும் பேசாதீங்க.

வாங்கினதை வாழ வைக்கவும் தெரியணும். 2024 நவம்பர் கடைசியில ஃபெஞ்சல் புயல்ல ஒரே நாள்ல 40 சென்டிமீட்டருக்கு மேல கொட்டி, புதுச்சேரித் தெருவெல்லாம் வாய்க்காலா ஓடினது மறந்துடுச்சா? கீழ் வீட்டுக்காரங்க தரையில லட்ச ரூபாயை விரிக்கக் கூடாது. உங்களுக்கு மாடி, தப்பிச்சீங்க. ஆனா உப்புக் காத்து மாடிக்கும் வரும். மழைக்காலத்துல கம்பளத்தைச் சுருட்டி வையுங்க. மடிச்சா மடிப்புலயே நூலு ஒடியும். கம்பளிக்குப் பூச்சி வரும். காஞ்ச வேப்பிலை போட்டு, மாசம் ஒரு தடவை அடிப்பக்கத்தை வெயிலுக்குக் காட்டுங்க. ஆறு மாசத்துக்கு ஒருக்கா தலைமாடு கால்மாடா திருப்பிப் போட்டா, தேய்மானம் ஒரே பக்கம் விழாது. சோஃபாவோட முன்காலாவது கம்பளத்து மேல ஏறணும், அந்த அளவுல வாங்குங்க. நடுவுல கைக்குட்டை அளவுல ஒண்ணைப் போட்டுட்டு, வர்றவங்களைச் சுத்திப் போகச் சொல்லாதீங்க. புள்ளைங்க தவழற வீட்டுல, நாமளே அலசிக் காயப்போடற ஜமக்காளத்துக்கு ஈடு எதுவும் கிடையாது. ஈரக் காலோட நடக்கற எடத்துக்குக் கோரைப் பாய் போதும். வசதி இருந்தா பத்தமடைப் பாய்.

என் தீர்ப்பு இதுதான் மாப்ளே. தினம் உக்காரப் பவானி ஜமக்காளம். காசு மிச்சம் இருந்து ஆசையும் அடங்கலைன்னா, கையால முடிச்ச கம்பளம் ஒண்ணு, சின்னதா இருந்தாலும் நிஜமானதா. வாங்கற அன்னிக்குக் கடைக்காரன் சொன்ன கதையில ஒரே ஒரு வரியைப் பில்லுல எழுதித் தரச் சொல்லுங்க. கையால முடிச்சதா, கையால நெய்ததா, மெஷினா, எந்த நூலு, எந்த ஊரு. டூப்ளே பேரெல்லாம் வேணாம். எழுதிக் கொடுத்தா காசைக் கொடுங்க. எழுத மாட்டேன்னா, டீயைக் குடிச்சுட்டு எந்திரிச்சு வந்துடுங்க.