புதிய சூப்பிரண்டு சாருக்குச் சில யோசனைகள்

பதவி உயர்வு ஆணை கைக்கு வந்துவிட்டது. இனி நீங்கள் கண்காணிப்பாளர். வாய்ப்பேச்சில் சூப்பிரண்டு சார். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் அ பிரிவு, அதாவது பணியமைப்பு, உங்கள் கையில். நான்கு இருக்கைகள், ஒரு தட்டச்சர், ஓர் அலுவலக உதவியாளர். தலைவன் என்பவன் தொலைநோக்கோடு தொடங்க வேண்டும் என்று நிர்வாகப் புத்தகங்கள் சொல்லும். அது கம்பெனிக்காரர்களுக்கு. நீங்கள் ஒரு டர்க்கி டவலோடு தொடங்குங்கள். நாற்காலி முதுகில் அதை விரித்துப் போட்டதுமே பிரிவுக்குச் செய்தி போய்விடும்: இவர் உட்காரத்தான் வந்திருக்கிறார்.

அடுத்து, ஆட்களை எடைபோட வேண்டும். திருக்குறளில் இதற்கென்றே ‘தெரிந்து வினையாடல்’ என்று 52ஆவது அதிகாரம் இருக்கிறது. நமக்கு அவ்வளவு ஆராய்ச்சி தேவையில்லை. நான்கு பேரில் ஒருவர்தான் வேலை செய்வார். அவரைக் கண்டுபிடித்துவிட்டால் மற்ற மூவரோடு நிம்மதியாக டீ குடிக்கலாம். கண்டுபிடிப்பதும் எளிது. யாருடைய தன்பதிவேட்டில் அன்றைய தபால் அன்றே ஏறியிருக்கிறதோ, அவர்தான். அது அ3 இருக்கை என்று வைத்துக்கொள்வோம். குரூப் ஃபோர் எழுதித் தேறி வந்த இளநிலை உதவியாளர், சின்னப் பெண். (ஆளை இருக்கை எண்ணால் கூப்பிடுவது நம் அலுவலகங்களின் மேலான கண்டுபிடிப்பு. எண்ணுக்குக் காய்ச்சல் வராது, குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்று எண் வந்து நிற்காது.)

அ1 விடுப்பில் போனால் அவருடைய தபாலை அ3-க்குத் திருப்புங்கள். அ1 திரும்பி வந்த பிறகு அதை ஞாபகப்படுத்திக்கொள்ளாதீர்கள். அவள் வந்து நிற்பாள்.

“சார், அ1 தபாலும் எங்கிட்டதான் இருக்கு. மாதாந்திர அறிக்கை வேற பாக்கி சார்.”

“உன்னால முடியும்மா. அதனாலதான் உங்கிட்ட குடுக்கறேன்.”

இதற்கு மேல் அவளால் எதுவும் பேச முடியாது. பாராட்டியாயிற்று, ஊக்கப்படுத்தியாயிற்று, அரசுக்கு ஒரு பைசா செலவில்லை.

இனி உங்கள் பேனா. அதிலிருந்து அடிக்கடி வர வேண்டிய சொல் ஒன்றே ஒன்று: ‘பேசவும்’. இதன் அருமை புதியவர்களுக்குப் புரிவதில்லை. இறந்துபோன கிராம உதவியாளர் ஒருவரின் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் கேட்டு அ3 கோப்பு எழுதி வைக்கிறாள் என்று கொள்ளுங்கள். விதி, இணைப்பு, வரைவுக் கடிதம் எல்லாம் சரியாக இருக்கிறது. கையெழுத்துப் போட்டால் முடிந்துவிடும், ஆனால் போட்ட கை உங்களுடையது என்று ஆகிவிடும். மறுத்தால் காரணம் எழுத வேண்டும். ஓரத்தில் ‘பேசவும்’ என்று எழுதினால் இரண்டுமில்லை. கோப்பு கீழே போகும். அவள் பேச வரும்போது நீங்கள் கூட்டத்தில் இருப்பீர்கள். அடுத்த நாள் வந்தால், “இது என்ன கேசு, ஞாபகம் இல்லையே, கோப்ப மறுபடி வை” என்று சொல்லலாம். மறுபடி வைத்தால் ‘முந்தைய கோப்பை இணைத்து வைக்கவும்’. முந்தைய கோப்பு பதிவறையில் எந்தக் கட்டில் இருக்கிறது என்று பதிவறை எழுத்தருக்குத்தான் தெரியும். அவர் தேர்தல் பணியில் இருப்பார். அதையும் தேடி இணைத்துவிட்டால் கடைசி அஸ்திரம், ‘தலைமையிடத்தில் தெளிவுரை பெறலாம்’. கோப்பு சென்னைக்குப் போய்விட்டால் அது ஏறக்குறைய தெய்வத்திடம் போன மாதிரி.

இப்போது இ-ஆபீஸ் வந்துவிட்டதே, கோப்பு யாரிடம் எத்தனை நாளாகக் கிடக்கிறது என்று திரையே சொல்லிவிடுமே என்று பதறாதீர்கள். ‘பேசவும்’ என்று தட்டிய நொடியில் கோப்பு அ3 கணக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆய்வுக் கூட்டத்தில் நிலுவை யாருடையது என்று அதிகாரி கேட்டால் திரையை அவர் பக்கம் திருப்பினால் போதும்.

நாம் சுயமாகக் கண்டுபிடித்த இந்தக் கலைக்கு வெளிநாட்டில் பாடநூலே உண்டு. 1944-ல் அமெரிக்காவின் ஓ.எஸ்.எஸ். என்ற உளவு அமைப்பு, எதிரி நாட்டு அலுவலகங்களை உள்ளிருந்தே முடக்க நினைக்கும் சாதாரண ஊழியர்களுக்காக ரகசியக் கையேடு ஒன்றைத் தயாரித்தது. எதையும் முறையான வழியில்தான் அனுப்ப வேண்டும் என்று அடம்பிடிப்பது, எந்த விஷயத்தையும் ஒரு குழுவிடம் தள்ளுவது, கடித வாசகத்தில் சொல்லுக்குச் சொல் சண்டை போடுவது எல்லாம் அதில் இருக்கின்றன. மேலாளர்களுக்கும் யோசனை உண்டு. வேலை தெரியாதவரிடம் இனிமையாக நடந்து அவருக்குப் பதவி உயர்வு கொடு, திறமையானவரிடம் குறை கண்டுகொண்டே இரு என்கிறது. பாவம், அவர்கள் இதை உயிரைப் பணயம் வைத்துச் செய்ய வேண்டியிருந்தது. நமக்கு அகவிலைப்படியோடு வாய்த்திருக்கிறது.

பக்கத்துப் பிரிவு சூப்பிரண்டுகளிடம் உறவு முக்கியம். வந்த மனுவில் இரண்டு விஷயம் கலந்திருந்தால் ‘இப்பொருள் தங்கள் பிரிவைச் சார்ந்தது’ என்று எழுதி அனுப்பிவிடுங்கள். அவர் திருப்பி அனுப்புவார். கோபம் கூடாது, இருவருக்கும் ஒரு நிலுவை குறைந்தது என்று கணக்கு வரும்.

அதிகாரியைக் கையாள்வது பற்றிக் குறளில் 70ஆவது அதிகாரம் உண்டு, ‘மன்னரைச் சேர்ந்தொழுகல்’. அதைவிட நம்பகமானவர் டபேதார். அய்யா காலையில் என்ன முகத்தோடு காரிலிருந்து இறங்கினார் என்பது அவருக்குத்தான் தெரியும். அந்த முகத்தைக் கேட்டுக்கொண்டுதான் கோப்போடு உள்ளே போக வேண்டும். நல்ல செய்தியென்றால் நீங்களே போங்கள். கெட்ட செய்தியென்றால் அ3-ஐ அனுப்பி, “விவரமெல்லாம் அந்தப் பொண்ணுக்குத்தான் தெரியும் அய்யா” என்று வாசலில் நின்று சொல்லுங்கள். கீழே இருப்பவரின் அறிவை மேலிடத்துக்கு அறிமுகப்படுத்திய பெருந்தன்மையும் சேர்ந்துகொள்ளும்.

ஒழுங்கு நடவடிக்கை பற்றி ஒரு வார்த்தை. 17(அ) சிறு தண்டனைக்கு, 17(ஆ) பெருந்தண்டனைக்கு. இரண்டையும் எழுத வேண்டாம், பேச்சில் வந்துபோனால் போதும். மெமோ என்று ஒன்று கொடுத்தே தீர வேண்டும் என்றால் அதையும் அ3-க்கே கொடுங்கள். இதில் அநியாயம் எதுவுமில்லை. கோப்பைத் தொடாத அ1 எப்படிக் கோப்பில் தவறு செய்வார்? அவர் பணிப்பதிவேடு எப்போதும் பளிச்சென்றுதான் இருக்கும். சுதந்திர தினத்தன்று ஆட்சியர் கையால் நற்சான்றிதழ் வாங்கப் பெயர் கேட்டு வரும்போது, மெமோ இல்லாத அவர் பெயர்தான் சுலபமாகப் போகும்.

வேலை தேங்கினால்? மேலும் ஆள் கேளுங்கள். இருக்கிற மூவரை வேலை வாங்குவதைவிட இது கௌரவமான வழி. பார்க்கின்சன் என்ற பேராசிரியர், சிங்கப்பூரில் மலாயா பல்கலைக்கழகத்தில் வரலாறு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர், 1955-ல் ‘எகனாமிஸ்ட்’ இதழில் பிரிட்டிஷ் கடற்படைக் கணக்கொன்றைக் காட்டினார். 1914-க்கும் 1928-க்கும் இடையில் பெரிய போர்க்கப்பல்கள் 62-லிருந்து 20 ஆகக் குறைந்தன. தலைமையக அதிகாரிகளோ 2,000-லிருந்து 3,569 ஆக உயர்ந்தார்கள். அவர் அதைக் கிண்டலாகச் சொன்னார் என்பார்கள். நீங்கள் அதைப் பணியிடம் கோரும் கருத்துருவுக்கு முன்னுதாரணமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றுக்கும் நடுவே ஓர் ஆபத்து இருக்கிறது. அந்தக் கிராம உதவியாளரின் மகன் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டுவிடுவான். என் அம்மாவின் கோப்பு எந்தத் தேதியில் யாரிடம் இருந்தது என்று கேட்பான். 30 நாளில் பதில் தர வேண்டும். தகவல் ஆணையம் வரை போய்விட்டால் நாளொன்றுக்கு 250 ரூபாய், 25,000 வரை தண்டம், அதுவும் பொதுத் தகவல் அலுவலரின் சொந்தச் சட்டைப்பையிலிருந்து. அந்தக் காகிதம் வந்த அன்று மட்டும் ‘பேசவும்’ வேண்டாம். “அம்மா, அந்தக் கோப்பு இன்னிக்கே முடிஞ்சாகணும்” என்று அ3-யிடம் சொல்லுங்கள். எல்லாம் எப்போதோ தயார். அவள் பத்து நிமிடத்தில் கொண்டுவந்து வைப்பாள். “இத்தனை நாள் என்ன பண்ணிக்கிட்டிருந்த?” என்று கேட்க மறக்காதீர்கள்.

காலம் ஓடிவிடும். ஓய்வு வயது 58 ஆக இருந்ததை அரசு 2020-ல் 59 ஆகவும் அடுத்த ஆண்டே 60 ஆகவும் உயர்த்தியதால் உங்களுக்கு இரண்டு வருடம் கூடுதலாகக் கிடைத்திருக்கும். உங்களுக்குப் பின்னால் வரிசையில் நிற்பவர்களுக்கு அந்த இரண்டு வருடம் என்னவாக இருந்தது என்று கேட்கத் தேவையில்லை. பணிநிறைவு விழாவுக்கு மண்டபம் பார்ப்பது, பொன்னாடைக்குச் சொல்வது, யார் யார் பேசுவது என்பதையெல்லாம் அ1-இடம் விடலாம். இத்தனை வருடம் கூடவே டீ குடித்தவர், உருக்கமாகவும் பேசுவார்.

ஆனால் உங்கள் ஓய்வூதியக் கருத்துரு இதே அ பிரிவிலிருந்துதான் தேனாம்பேட்டையில் உள்ள மாநிலக் கணக்காயர் அலுவலகத்துக்குப் போக வேண்டும். பணிப்பதிவேட்டில் எந்த வருடப் பணிக்காலம் சரிபார்க்கப்படவில்லை, எந்த ஈட்டிய விடுப்பு கழிக்கப்படவில்லை, எங்கே ஒரு கையொப்பம் விட்டுப்போயிருக்கிறது என்று பக்கம் பக்கமாகப் பார்க்க வேண்டும். அதை அ1-இடம் கொடுத்துவிடாதீர்கள். உங்கள் இடத்துக்கு வரப்போகிற புது சூப்பிரண்டு வந்து டவல் விரிப்பதற்குள் கோப்பு தபாலில் ஏற வேண்டும். பத்து மணிக்கு முன்பே அலுவலகம் போய், அ3 மேஜைக்கு எதிரே அந்த ஆடுகிற நாற்காலியில் உட்கார்ந்துகொள்ளுங்கள். அவள் வந்ததும் முதல் தடவையாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். பெயர் தெரியாவிட்டால் வருகைப் பதிவேட்டில் இருக்கும், நீங்கள் தினமும் அதன் கீழேதான் கையெழுத்துப் போடுகிறீர்கள்.