வாத்தியார் வீட்டு மௌனம்

‘பேசாதே’ என்று சொல்வதற்குத்தான் அரசாங்கம் எனக்குச் சம்பளம் தருகிறது. கொல்லிமலையில், அரியூர் நாட்டில், ஓர் உண்டு உறைவிடப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு ஆசிரியன் நான். காலை மணி அடித்ததிலிருந்து விரலை உதட்டில் வைத்தபடியே வாழ்கிறவன். அப்பேர்ப்பட்டவன் சாயங்காலம் வீட்டுக்கு வந்து, இரண்டு வயதைத் தாண்டிய மகன் முன்னால் மண்டியிட்டு, “ஒரே ஒரு வார்த்தை பேசுடா சாமி” என்று கெஞ்சினால் ஊர் சிரிக்காதா? சிரித்தது. மகனும் சேர்ந்து சிரித்தான். சிரிப்பில் அவனுக்கு ஒரு குறையும் இல்லை.

“கொல்லிப்பாவை சார் உங்க பையன்” என்றார் எங்கள் தமிழாசிரியர். “அவ கதை எத்தனையோ இருக்கு. எல்லாத்துலயும் சிரிக்கிறா, எதுலயும் பேசறதில்ல.” அவள் சிரித்துத்தான் அசுரர்களைத் தீர்த்துக்கட்டினாள் என்பதை அவர் நாகரிகம் கருதி விட்டுவிட்டார்.

அடியோடு பேசாதவன் என்றும் சொல்லிவிட முடியாது. அவனிடம் ‘பா’ இருந்தது. ‘பா’ என்றால் நான். ‘பா’ என்றால் பால். வீட்டுக்குப் பின்னால் மரத்தில் தொங்கும் பலாவும் ‘பா’. சில்வர் ஓக் அடியில் சருகுக்குள் நெளிந்து போவதும் ‘பா’. வாசலிலிருந்து “பா!” என்று அலறல் கேட்டால் ஓடிப்போய்த் தூக்குவதா, டம்ளரை எடுப்பதா, அரிவாளை எடுப்பதா, கம்பை எடுப்பதா என்று நானும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நிற்போம்.

ஒரு வயதில் அம்மா அப்பாவைக் கூப்பிட வேண்டும். ஒன்றரை வயதில் அதற்கு மேல் மூன்று சொல்லாவது வர வேண்டும். இரண்டு வயதில் ‘பால் குடு’ என்கிற மாதிரி இரண்டைக் கோத்துச் சொல்ல வேண்டும் என்கிறது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2022-ல் திருத்தி வெளியிட்ட பட்டியல். இதை வீட்டில் வாசித்துக் காட்டினேன். “அந்தப் பட்டியலை எழுதினவன் உன்னைப் பெத்தானா, நான் பெத்தேனா?” என்று அம்மா கேட்டார். “நீ மூணு வயசுலதான் வாயத் தொறந்த. தொறந்த வாய இன்னைக்கு வரைக்கும் மூடல. பரம்பரைடா கண்ணு.”

அத்தோடு வைத்தியமும் தொடங்கிவிட்டது. வசம்பைச் சுட்டு நாக்கில் தேய்க்கச் சொன்னது ஒரு கட்சி. பொழுது சாய்ந்தால் பேர்கூடச் சொல்லக் கூடாத சரக்கை வைத்துப் பிள்ளையைப் பேசவைப்பதாவது! கோயில் மணியில் தேன் தடவி நக்கவைத்தால் குரல் கணீரென்று வரும் என்றது இன்னொரு கட்சி. ஆம்பளப் பிள்ளை மெதுவாத்தான் பேசும் என்றது பெரும்பான்மை. யோசித்துப் பார்த்தால் இத்தனை பேரும் நாக்கையே சுற்றிச் சுற்றி வந்தார்கள். காது என்று ஒன்று இருப்பதும், கேட்டால்தான் பேச்சு வரும் என்பதும் ஒருவருக்கும் தோன்றவில்லை.

இந்த மாதிரி வீட்டில் தவறாமல் ஆஜராகிற இரண்டு பெரியவர்கள் உண்டு. என் மாமனார் குமரகுருபரரைக் கூட்டிவந்தார். “அஞ்சு வயசு வரைக்கும் ஊமை. திருச்செந்தூர்ல வாயத் தொறந்தார், நேரா கந்தர் கலிவெண்பா. நடுவுல ‘அம்மா ஆடு’கூட இல்ல மாப்ள!” கணக்கு வாத்தியார் ஐன்ஸ்டைனைக் கூட்டிவந்தார். “அவரும் லேட்டாத்தான் சார் பேசினாரு. பையன் ஃபிசிக்ஸ் பக்கம் போவான், விடுங்க.”

இரண்டு பேர் கதையையும் நான் உட்கார்ந்து படித்தேன். குமரகுருபரரின் பெற்றோர் ஸ்ரீவைகுண்டத்தில் திண்ணையில் சாய்ந்துகொண்டு ‘தானா வரும்’ என்று சொல்லிக்கொண்டிருக்கவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திருச்செந்தூர் போய், விரதம் இருந்து, சந்நிதியில் கிடந்தார்கள். பதினேழாம் நூற்றாண்டில் அவர்களுக்குத் தெரிந்த ஸ்பெஷலிஸ்ட் முருகன்தான். ஐன்ஸ்டைன் கதை இன்னும் வசதி. தான் பேசத் தாமதமானதால் கவலைப்பட்ட பெற்றோர் டாக்டரிடம் யோசனை கேட்டார்கள் என்று முதுமையில் ஒரு கடிதத்தில் அவரே எழுதியிருக்கிறார். அதாவது டாக்டரிடம் போகாமலிருக்க நாம் யாரைச் சாட்சிக்கு இழுக்கிறோமோ, அவர் வீட்டிலேயே டாக்டரிடம் போயிருக்கிறார்கள்! தாமதமாகப் பேசத் தொடங்கும் பிள்ளைகளில் பலர் தாமாகவே எட்டிப்பிடித்துவிடுவார்கள் என்பது உண்மைதான். எந்தப் பிள்ளை பிடிக்கும், எது பிடிக்காது என்பது இரண்டு வயதில் நெற்றியில் எழுதி ஒட்டியிருப்பதில்லை. அதுதான் சிக்கல்.

நல்லவேளையாக அங்கன்வாடிக்கு வண்டி வந்தது. 2013-ல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு, அங்கன்வாடிக்கு வருஷத்துக்கு இரண்டு முறை வர வேண்டும் என்பது விதி. பிறவிக் குறை, சத்துக் குறை, நோய், வளர்ச்சித் தாமதம் என்று நாலு வகையாகப் பார்க்கிறார்கள். டாக்டரம்மா அவனைப் பார்த்தார், அவன் அவரைப் பார்த்துச் சிரித்தான். கீழே, மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்துக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். அந்தப் பேரை ஒரே மூச்சில் சொல்லிப் பார்த்த கண்டக்டருக்கும் அங்கேயே ஒரு சீட்டு வாங்கியிருக்கலாம்.

போவதற்கு முந்தின ராத்திரி, பையனுக்கு எத்தனை சொல் தெரியும் என்று பட்டியல் போட உட்கார்ந்தோம். நான் கறாராக ‘பா’ என்று ஒன்று எழுதினேன். மனைவி ஜேசிபியைக் காட்டி அவன் சொல்லும் ‘சேபி’யையும் கோழியைக் கூப்பிடும் ‘பக்பக்’கையும் சேர்த்தாள். அம்மா நாற்பதுக்குக் குறைய மாட்டேன் என்றார். அதில் ஏப்பம் ஒன்று, தும்மல் இரண்டு. மறுநாள் பேச்சுப் பயிற்சியாளர் அந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டு, மனைவி பக்கம் தீர்ப்புச் சொன்னார். ஒரே பொருளுக்கு எப்போதும் அதே ஒலியைச் சொன்னால், அரைகுறையாக இருந்தாலும் அது சொல்தானாம். ‘பக்பக்’ செல்லும். தும்மல் தள்ளுபடி.

அடுத்தது கேள்வித்தாள். ஆட்டிசத்துக்கான அறிகுறி உண்டா என்று பார்க்க, 16 மாதத்திலிருந்து 30 மாதம் வரையுள்ள பிள்ளைகளுக்கு இருபது கேள்விகள். பதில் சொல்ல வேண்டியது பெற்றவர்கள். வருஷம் பூராவும் பரீட்சை வைக்கிற எனக்கு உள்ளங்கை வேர்த்தது. பக்கத்து பெஞ்சில் வேறொரு அப்பா என்ன எழுதுகிறார் என்று எட்டிப் பார்க்கவும் தோன்றியது. வேண்டியதை விரல் நீட்டிக் கேட்கிறானா? கேட்கிறான். ‘இதைப் பாரேன்’ என்று சும்மா காட்டுவதற்காக விரல் நீட்டுகிறானா? தினமும், ஒவ்வொரு ஜேசிபிக்கும். பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறானா?

டாக்டரே கூப்பிட்டுப் பார்த்தார். சீட்டில் இருந்த பேரை நிதானமாக, தெளிவாக, இரண்டு தரம். பையன் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தான். டாக்டர் பேனாவை எடுத்தார். எனக்கு அடிவயிற்றைக் கலக்கியது.

மனைவிதான் மெதுவாகச் சொன்னாள்: “அது எங்க மாமனார் பேருங்க மேடம்.”

செத்துப்போன என் அப்பாவின் பேரைத்தான் அவனுக்கு வைத்திருக்கிறோம். புருஷன் பேரை அம்மா சொல்ல மாட்டார். மாமனார் பேரை மனைவி சொல்ல மாட்டாள். அப்பா பேரைச் சொல்லி “சோறு தின்னுடா” என்று அதட்ட எனக்கு நாக்கு வராது. (இங்கே எழுதவும் இல்லை பாருங்கள், அம்மா இதைப் படிப்பார்.) ஆகமொத்தம், பிறப்புச் சான்றிதழைத் தவிர வேறு யாரும் அவனை அந்தப் பேரால் கூப்பிட்டதே கிடையாது. “வீட்ல எப்படிக் கூப்பிடுவீங்க?” என்றார் டாக்டர். “குட்டியான்.” “குட்டியான்!” பையன் பட்டென்று திரும்பி, “பா” என்றான்.

காதில் முதலில் ஒரு சின்னக் கருவியைச் செருகினார்கள். நல்ல காது, உள்ளே போகும் ஒலிக்கு மிக மெல்லிய ஒரு எதிரொலியைத் திருப்பி அனுப்புமாம். 1978-ல் லண்டனில் டேவிட் கெம்ப் என்பவர் கண்டுபிடித்தது. வாய் பேசாவிட்டாலும் காதாவது பதில் பேசுமே என்று பார்த்தால், மலைக் குளிரில் பிடித்த சளி குறுக்கே நின்றது. சளி சரியானதும் ‘பெரா’ பண்ணிவிடலாம் என்றார்கள். தலையில் வயர் ஒட்டி, ஒலி கேட்கும்போது நரம்பும் மூளைத்தண்டும் என்ன செய்கின்றன என்று பார்க்கிற சோதனை. அதற்குப் பிள்ளை அசையாமல் தூங்க வேண்டும். ஆகவே ராத்திரி லேட்டாகப் படுக்க வையுங்கள், விடியற்காலை எழுப்பிவிடுங்கள், “வர்ற வழியில மட்டும் தூங்க விட்டுடாதீங்க.”

வருகிற வழி என்றால் எழுபது கொண்டை ஊசி வளைவு. மேலே 70-ல் ஆரம்பித்துக் காரவள்ளியில் தரை தட்டுகிற வரைக்கும் பஸ் ஒவ்வொரு வளைவிலும் ஆட்டிவிடும். அந்த ஆட்டத்தில் கண்டக்டரே நின்றபடி கண்ணயர்வார். 66-ஆவது வளைவில் பையனுக்குக் கண் சொக்கியது. கிச்சுகிச்சு மூட்டினேன். 60-ல் ஈரத் துண்டால் முகம் துடைத்தேன். “ஏனுங்க சார், பிள்ளைய ஏன் இந்தப் பாடு படுத்தறீங்க?” என்று பின்சீட்டு அம்மா கேட்டதும் விஷயத்தைச் சொன்னேன். அவ்வளவுதான், அது பஸ்ஸின் பொதுக் காரியமாகிவிட்டது. அன்னாசிப் பழம் ஏற்றிவந்தவர் ஒரு கொண்டையை உடைத்து அவன் கையில் கொடுத்தார். யாரோ சாக்கிலிருந்த சேவலை வெளியே எடுத்துக் காட்டினார். “பக்பக்!” என்றான் பையன், முழு விழிப்போடு. ஒரு கிழவி வாந்திக்கு வைத்திருந்த எலுமிச்சம்பழத்தை அவன் மூக்கில் பிடித்தார். வளைவுக்கு வளைவு “தூங்கறானா?” என்று முன்னாலிருந்து டிரைவர் குரல்.

பஸ்ஸே சேர்ந்து விரட்டிய தூக்கம் ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகும் திரும்பி வரவில்லை. தூங்க மருந்து கொடுத்தார்கள். இருட்டு அறை, ஏசி, மெத்தென்ற கட்டில். கொஞ்ச நேரம் கழித்து ஆடியாலஜிஸ்ட் வந்து பார்த்தபோது ஒருவர் ஆழ்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். அது நான். பையன் என் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

ஒருவழியாகத் தூங்கினான், சோதனை முடிந்தது, காது நன்றாக இருந்தது. அந்த அறைக்கு வெளியே இன்னொரு தாய் அழுதுகொண்டிருந்தார். அவர் பிள்ளைக்குக் கேட்கவில்லை. ஆனால் ஒன்றரை வயதிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் கருவி பொருத்த ஆறு வயதுக்குள் வந்தாக வேண்டும், நீங்கள் ரொம்பச் சீக்கிரம் வந்துவிட்டீர்கள் என்று நர்ஸ் அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். பஸ் கூத்தை அவரிடம் சொல்லிச் சிரிக்கவைக்கலாமா என்று நினைத்தேன். சொல்லவில்லை.

எங்களுக்குக் கிடைத்தது வீட்டுப்பாடம். பையனுக்கு அல்ல, பெரியவர்களுக்கு. “அவன் கேட்கறதுக்கு எங்கங்க விடறீங்க?” என்றார் பயிற்சியாளர். வாஸ்தவம். தாலுகா ஆபீஸில் மனு கொடுத்தால் நடக்காதது எங்கள் வீட்டில் மனு எழுதும் முன்பே நடந்துவிடும். கண்ணை உருட்டினால் போதும், அம்மா பாலோடு நிற்பார். இனி “பாலா, பழமா?” என்று கேட்க வேண்டும். கேட்டுவிட்டுப் பத்து எண்ணும் வரை வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். செல்போனை ஒளித்துவைக்க வேண்டும். செய்கிற வேலையையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். “அப்பா ஏணி வைக்கிறேன். அப்பா ஏறுறேன். அப்பா மிளகு பறிக்கிறேன்” என்று நான் மரத்து மேலிருந்து அறிவித்துக்கொண்டிருந்ததைப் பக்கத்துத் தோட்டக்காரர் பார்த்துவிட்டு, எட்டுக்கை அம்மனுக்கு முடிந்துகொள்ளச் சொல்லி மனைவியிடம் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

பத்து எண்ணுவதுதான் அம்மாவுக்கு ஆகவில்லை. “பாலா பழமா, ஒண்ணு ரெண்டு பத்து, இந்தா” என்று கொடுத்துவிடுவார். ஆனால் பிரச்சாரத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. போன வாரம் மேல் வீட்டுப் பெண் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, இவன் வயசுதான், இன்னும் ஒரு சொல் வரவில்லை, மாமியார் பொறுத்துப் பார்க்கலாம் என்கிறார் என்று சொல்ல, அம்மா பிடித்துக்கொண்டார்.

“பொறுக்கறதாவது! நாளைக்கே நர்சம்மாகிட்டச் சீட்டு வாங்கு. ஐன்ஸ்டைனையே அவங்க வீட்ல டாக்டர்கிட்டக் காட்டியிருக்காங்க, தெரியுமா?”

“அது யாருங்க ஆயா?”

“யாரோ கீழ்நாட்டுப் பையன். இப்ப நல்லாப் பேசறானாம்.”