சட்டைப்பை சாஸ்திரம்

சேரர், சோழர், பாண்டியர் என்று மூவரோடு நிறுத்திக்கொண்டதால் நமக்கெல்லாம் சரித்திரப் பரீட்சை பாஸாயிற்று. 2004 வாக்கில் மயிலாப்பூரில் உட்கார்ந்து செல்போனுக்கு மென்பொருள் எழுதக் கிளம்பியவர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஜாவா, சிம்பியன், ப்ரூ, விண்டோஸ் மொபைல், பாம், பிளாக்பெரி என்று அரை டஜன் வேந்தர்கள். குறுநில மன்னர்கள் கணக்கில் இல்லை. ஒருவருக்குக் கட்டிய கப்பம் அடுத்தவர் எல்லையில் செல்லாது.

இவர்களில் யார் பக்கம் சாய்வது? மாட வீதியை ஒட்டிய ஏதோ ஒரு இரண்டு பெட்ரூம் பிளாட்டில், வெள்ளைப் பலகையில் சாதக பாதகங்களை எழுதி, பொறியாளர்கள் மத்தியானம் முழுக்க விவாதிப்பார்கள். காபி வரும், தம்ளர் போகும். நடுவில் முதலாளி எழுந்து சட்டைப் பையிலிருந்து நோக்கியா 6600ஐ எடுத்து, “இதுல ஓடுமாப்பா?” என்பார். ஆராய்ச்சி முடிந்தது. அன்றிலிருந்து அந்தக் கம்பெனி சிம்பியன் கம்பெனி. தி.நகர் பாத்திரக்கடை அண்ணாச்சி கையில் 2003இல் ரிலையன்ஸ் 501 ரூபாய்க்குக் கொடுத்த செட் இருந்தால் அவருக்கு வேலை செய்பவர் கதை வேறு. தொழில்நுட்பத் தேர்வு என்று பின்னால் வந்த புத்தகங்கள் எதை எதையோ எழுதின. சென்னையில் நடந்தது சட்டைப்பை சாஸ்திரம்தான்.

சட்டைப்பை காலியாக இருந்தவர்கள் ஜாவாவுக்குப் போனார்கள். சன் (டிவி அல்ல, மைக்ரோசிஸ்டம்ஸ்) கொடுத்த வாக்கு: ஒருமுறை எழுது, எங்கும் ஓட்டு. வாக்குப் பொய்க்கவில்லை. எழுதுவது ஒருமுறைதான், திருத்துவதுதான் போனுக்கு ஒருமுறை. திரைக்குக் கீழே இடமும் வலமுமாக இரண்டு பட்டன் இருக்குமே, அதை அழுத்தினால் நோக்கியா -6, -7 என்று எண் அனுப்பும். சீமென்ஸில் அதே பட்டன்கள் -1, -4. மோட்டோரோலாவில் பல மாடல்கள் -21, -22 என்றன. ‘சரி’, ‘வேண்டாம்’ என்று சொல்லக்கூட கம்பெனிகளுக்குள் ஒற்றுமை கிடையாது. கம்ப்யூட்டர் திரையில் சன் கொடுத்த பொம்மை போனில் எல்லாம் அமோகமாக ஓடும். நிஜ போனில் ஏற்றினால் வெள்ளைத் திரை. டெஸ்டிங்குக்கு மோட்டோரோலா வேண்டுமென்றால் அமெரிக்காவிலிருந்து லீவில் வந்திருக்கும் அத்திம்பேரைத்தான் பிடிக்க வேண்டும். பிழை பிடிபடும் தறுவாயில் அத்திம்பேருக்கு ஃப்ளைட் வந்துவிடும்.

அளவு வேறு. நோக்கியாவின் ஆரம்பகால சீரீஸ் 40 போன்களில் ஒரு ஜாவா மென்பொருள் மொத்தமே 64 கிலோபைட்டுக்குள் அடங்க வேண்டும். இன்று காலையில் உங்கள் பெரியப்பா குடும்ப வாட்ஸாப்பில் அனுப்பிய தாமரைப்பூ குட் மார்னிங் அதைவிடப் பெரிதாக இருக்கும். அந்த இடத்துக்குள்தான் பஞ்சாங்கம் எழுத வேண்டும். முதல் திரையில் பிள்ளையார் வேண்டும் என்று வாடிக்கையாளர் கட்டளை. பிள்ளையார் உள்ளே வந்தால் மார்கழி வெளியே போகும். அடி எடுத்துவைக்கும் முன் விநாயகரைக் கும்பிடும் ஊரில் அவரையா நீக்குவது? வண்ணங்களைக் குறைத்தார்கள், மூஞ்சூறை எடுத்தார்கள், புரோகார்டு என்றொரு கருவியை ஏவி, நிரலில் இருந்த பெயர்களையெல்லாம் a, b, c என்று மொட்டையடித்தார்கள். ராகுகாலம் கணக்கிடும் பகுதிக்கு q என்று பெயர். ஆறு மாதம் கழித்து எழுதியவருக்கே அடையாளம் தெரியாது. இவ்வளவும் செய்த பிறகு, கூடவே போகும் ஜேட் கோப்பில் எழுதிய அளவும் நிஜ அளவும் ஒரு பைட் பிசகினால் போன் வாங்க மறுக்கும்.

சிம்பியன்காரர்கள் ஜாவாக்காரர்களைப் பார்த்துச் சிரித்தார்கள். சி++ எழுதுபவர்களுக்கே உரிய சிரிப்பு அது. ஆனால் ஒரு பெயரைத் திரையில் காட்ட அவர்களுக்கு ஐந்தாறு வகை டிஸ்கிரிப்டர்கள். தப்பான ஒன்றைத் தொட்டால் ‘கெர்ன்-எக்ஸெக் 3’ என்று ஒரு வரி சொல்லிவிட்டு மென்பொருள் மூச்சை நிறுத்தும். காரணம் சொல்லாது. 2006 வாக்கில் வந்த புதுப் போன்களில் டிஜிட்டல் கையொப்பம் இல்லாத மென்பொருள் எளிதில் ஏறாது. கையொப்பச் சான்றிதழுக்குக் காலாவதித் தேதி உண்டு. காலாவதியானால்? நம் ஆட்களா சளைப்பார்கள்: போனின் தேதியைப் பின்னுக்குத் தள்ளி, சான்றிதழ் உயிரோடு இருந்த காலத்துக்குப் போய், அங்கே வைத்து இன்ஸ்டால் செய்தார்கள். தேதியைத் திருப்பி வைக்க மறந்தவர்கள் போன வருஷத்து வியாழக்கிழமை ராகுகாலத்தைப் பார்த்துக்கொண்டு இந்த வருஷத்து வெள்ளிக்கிழமையில் பெண் பார்க்கப் போனார்கள்.

ப்ரூ பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. குவால்காம் சாம்ராஜ்யம், சோதனைக்குப் பணம், கையொப்பத்துக்குப் பணம். மயிலாப்பூர் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

சட்டைப்பையைப் பார்க்காமல் வேலையைப் பார்த்த ஒருவரைச் சொல்ல வேண்டும், அவர் சென்னைக்காரரும் அல்ல. மலேசியாவின் முத்து நெடுமாறன். போனில் தமிழ் எழுத்துருவே இல்லாத காலத்தில், எழுத்துகளைத் தானே திரையில் வரைந்துகொள்ளும் அவரது ‘செல்லினம்’ மென்பொருள் 2005இல் சிங்கப்பூரில் வெளிவந்தது, ஜாவா போனில்தான். 2009இல் ஐபோனுக்குப் போனது, 2012இல் ஆண்ட்ராய்டுக்கு. தமிழ் எழுதும் யூனிகோடு குறுஞ்செய்திக்கு 70 இடம், ஆங்கிலத்துக்கு 160. மெய்யின் புள்ளிக்கும் ஓர் இடம், கொம்புக்கும் ஓர் இடம். தமிழில் வளவளவென்று வாழ்த்து அனுப்பியவர்கள் இரண்டு செய்திக்குக் காசு கொடுத்தார்கள். முத்து நெடுமாறனோ குதிரை எது என்று கவலைப்படவில்லை, ஏறவேண்டியது தமிழ் என்பதில் தெளிவாக இருந்தார்.

2008 ஆகஸ்ட் 22 அன்று ஐபோன் 3ஜி இந்தியாவுக்கு வந்தது, 8 ஜிபி 31,000 ரூபாய். முதலாளிகளின் சட்டைப்பை மாறியது. சாஸ்திரப்படி கம்பெனியும் மாற வேண்டும். ஐபோனுக்கு எழுத மேக் வேண்டும், அது அப்போது விளம்பர ஏஜென்சிகளில் குடியிருந்தது. பலர் நோக்கியாவையே பிடித்துக்கொண்டார்கள். பக்கத்தில் ஸ்ரீபெரும்புதூரில் 2006 முதல் போன் செய்கிற கம்பெனி, கைவிடுமா? சிம்பியன் படி என்றது, படித்தார்கள். க்யூட்டி என்றது, அதையும் படித்தார்கள். மீகோ என்றது. 2011 பிப்ரவரியில் அதன் தலைவர் ஸ்டீபன் ஈலாப், நாம் நிற்கும் மேடை எரிகிறது என்று ஊழியர்களுக்கே கடிதம் எழுதினார். அதே மாதம் 11ஆம் தேதி மைக்ரோசாஃப்ட் பக்கம் குதித்தார். சென்னையும் கூடவே குதித்து விண்டோஸ் போன் 7 கற்றது. 2012இல் விண்டோஸ் போன் 8 வந்தது. 7 வாங்கியவர்களுக்கு அது ஏறாது என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது.

ஸ்ரீபெரும்புதூர் ஆலை 2014 நவம்பர் 1 அன்று நின்றது. 2019இல் அதை எடுத்துக்கொண்ட கம்பெனி சால்காம்ப். ஆப்பிளுக்கு சார்ஜர் செய்து கொடுக்கும் கம்பெனி.