அழைப்பிதழ்ல எல்லாரும் இருக்காவ

ஏட்டி, நீ அனுப்பின அழைப்பிதழ் வந்து சேந்துச்சு. வழவழன்னு நல்ல தாளு. உங்க கலைப்புலத்துல அடுத்த மாசம் முழுக்க விழாவாம். அறக்கட்டளைச் சொற்பொழிவு ஒண்ணு, கல்வெட்டைப் பத்திப் பேச்சு ஒண்ணு, கடைசி நாள் சாயங்காலம் நாட்டுப்புறக் கலை விழா. சந்தோசம். கண்ணாடியைத் தொடச்சுப் போட்டுக்கிட்டு, பேச வாரவரு யாருன்னு தேடினேன். வரவேற்புரைக்கு ஒருத்தர், தலைமைக்கு ஒருத்தர், முன்னிலைன்னு நாலு பேரு, வாழ்த்துரைன்னு அஞ்சு பேரு, அறிமுகவுரைக்கு ஒருத்தர். அத்தனைக்கும் கீழ பொடி எழுத்துல சிறப்புரை. அதுவும் நல்லதுதான். தனக்கு எம்புட்டு இடம்னு அந்த மனுசன் முன்கூட்டியே தெரிஞ்சுக்கிடட்டும்.

ஒருங்கிணைப்பாளர்னு உன் பேரை வேற போட்டிருக்காவ. ஏதும் கோளாறு ஆச்சுன்னா யாரைத் திட்டணும்னு முடிவு பண்ணியாச்சுன்னு அர்த்தம். அதனால கெழவன் சொல்லுததைக் கேட்டுக்கோ.

முதக் காரியம் போட்டோ. பேச்சாளர் வராட்டாலும் சமாளிச்சுக்கிடலாம், போட்டோகிராபர் வரலைன்னா விழாவே நடக்கலை. கல்லூரிக்குத் தரம் போடுத ‘நாக்’ குழு வந்தா என்ன பேசினாவன்னா கேக்கப் போவுது? நடந்ததுக்கு அத்தாட்சிதான கேக்கும். அந்தப் போட்டோ ஓரத்துல அட்சரேகை, தீர்க்கரேகை எல்லாம் பதிஞ்சிருக்கணும்னு நீதான சொன்ன. ஆக, பேச்சாளர் எந்த எடத்துல நின்னாருங்கது வானத்துல சுத்துத செயற்கைக்கோளுக்குத் தெரியும். என்ன பேசினாருங்கது மூணாவது வரிசையில இருந்த பயலுக்குத் தெரியாது.

குத்துவிளக்குக்கு ஒரு லைட்டர் வாங்கி இடுப்புல சொருகிக்கோ. போன தடவை ஒரு கல்லூரியில பாத்தேன். ஃபேனை அமத்தியாச்சு, கூட்டம் வேத்து வடியுது, திரி புடிக்க மாட்டேங்குது. ஒரே மெழுகுவத்தியில ஆறு பேரு கை. திரியை யாரும் பாக்கலை, அத்தனை பேரும் கேமராவைப் பாத்துச் சிரிச்சுக்கிட்டு நிக்காவ. எரியுறது விளக்கா விரலான்னு தெரியாத நிலைமை. கடைசியில தண்ணி வைக்க வந்த பையன் எட்டிப்பாத்து எண்ணெய் ஊத்தலைன்னு சொன்னான். அவன் பேரு எந்த அழைப்பிதழ்லயும் இல்லை.

அப்புறம் தமிழ்த்தாய் வாழ்த்து. 2021 டிசம்பர்ல அதை மாநிலப் பாடலா அறிவிச்சப்ப, 55 நொடியில பாடணும்னு அளவு சொல்லியிருக்கு. உன் மேடையில அளவா முடியப்போறது அது ஒண்ணுதான், பாத்துக்கோ. அதை எழுதின சுந்தரம் பிள்ளை யாரு? திருவனந்தபுரத்துல தத்துவம் சொல்லிக் குடுத்த வாத்தியார். 1891-ல அவரு போட்ட ‘மனோன்மணீயம்’ நாடகத்துல வாழ்த்தா வந்த பாட்டு. கலைப் படிப்பு படிச்சு என்ன பிரயோசனம்னு யாராவது மேடையில ஆரம்பிச்சா, இப்ப எதுக்கு எந்திரிச்சு நின்னீயன்னு கேட்டுரு. கேக்க மாட்ட, வேலை முக்கியம்.

கூட்டத்தைப் பத்திக் கவலைப்படாத. முதலாமாண்டுப் பிள்ளைகளை வரிசையா ஓட்டிட்டு வந்து உக்கார வை. சான்றிதழுக்கான கூகுள் படிவத்தை நன்றியுரை முடிஞ்ச பெறவுதான் அனுப்பணும். கூட்டம் கலையாம இருக்க அதைவிட நல்ல தாழ்ப்பாளை எந்தத் தச்சனும் செஞ்சதில்ல.

அறக்கட்டளைச் சொற்பொழிவுங்கது பாவப்பட்ட சீவன். எவரோ ஒரு புண்ணியவான், அம்மா பேருலயோ அப்பா பேருலயோ ஒரு தொகையை பேங்குல போட்டு, வருசா வருசம் வட்டியில பேச்சு நடத்துங்கன்னு எழுதி வச்சுட்டுப் போனாரு. வட்டி கொறைஞ்சுபோச்சு, பொன்னாடை வெலை ஏறிப்போச்சு. இப்ப வட்டிக் காசு வடைக்கும் காப்பிக்கும் காணும். பேச வாரவருக்குப் பயணப்படி ‘பின்னர் அனுப்பப்படும்’. அந்தக் காலத்துல இதை வேற மாதிரி வச்சிருந்தாவ. உ.வே.சா. சென்னைப் பல்கலைக்கழகத்துல பேசின பேச்சுகதான் ‘சங்ககாலத் தமிழும் பிற்காலத் தமிழும்’னு புத்தகமாச்சு. நம்ம திருத்தணிக்காரர் ராதாகிருஷ்ணன் 1926-ல ஆக்ஸ்போர்டு போய்ப் பேசினதும் மறு வருசமே புத்தகம். பேசுததுக்கு முன்னால எழுதிப் பாத்துருக்காவ. இப்ப அந்தத் தொல்லை இல்லை. ‘நேரமின்மை காரணமாக’ன்னு ஆரம்பிச்சா நேரா முடிவுரைக்கு வந்துரலாம்.

கல்வெட்டுப் பேச்சுக்கு ஒரு ரோசனை சொல்லுதேன். கோயில் திருப்பணின்னு சொல்லிக் கல்வெட்டு மேல சுண்ணாம்பு அடிச்சவன், மணலைப் பீச்சி எழுத்தையே வழிச்சு எடுத்தவன், சிமெண்டை அப்பினவன், இவங்களுக்கெல்லாம் அழைப்பிதழ் அனுப்பு. முன் வரிசையில உக்கார வை. கல்வெட்டு படிக்கத் தெரிஞ்ச நாப்பது பேரு, கல்வெட்டு படிக்கத் தெரிஞ்ச இன்னொருத்தர் பேசுததைக் கேட்டு என்ன ஆவப்போவுது?

இனி அந்தக் கலை விழா. அங்கதான் எனக்கு வயித்தெரிச்சல். உங்களை மாதிரி ஒரு எடத்துல ரெண்டு வருசத்துக்கு முந்தி வில்லுப்பாட்டு வச்சாவ. முத்துப்பட்டன் கதை. கோயில் கொடையில ராத்திரி முழுக்கப் பாடுத கதைக்கு இருவது நிமிசம் குடுத்தாவ. வில்லைக் கட்டி, குடத்தைச் சரிபண்ணி, உடுக்கை இறுக்கி, காப்புப் பாடி முடிக்கவே பாதி போச்சு. பட்டன் அண்ணன்மாரோட சண்டை போட்டுட்டுப் போனான், மலை வழியாத் திரும்பி வந்தான், ரெண்டு பொண்ணுக பாடுததைக் கேட்டான். மேடைக்குக் கீழ இருந்து சீட்டு வந்துட்டு. இனிமேதான் அவன் குடுமியை அறுத்து, பூணூலைக் கழத்தி, அந்தப் பொம்மக்கா, திம்மக்கா அப்பன்கிட்ட செருப்புத் தைக்கக் கத்துக்கிட்டுப் பொண்ணு கேக்கணும். கதையே அதுதான். சரியா அந்த எடத்துக்கு முன்னால நேரம் முடிஞ்சுட்டு. நேரந்தான் காரணம்னு நானும் நம்புதேன்.

பாட்டு நின்ன பெறவு ஒரு பேராசிரியர், ‘அழிந்துவரும் கலைகளைக் காப்போம்’னு முக்காமணி நேரம் பேசினாரு. பாடின அண்ணாவி வில்லை அவுத்துக் கட்டிக்கிட்டே கேட்டுக்கிட்டிருந்தாரு.

பல்கலைக்கழகம்னா இப்படித்தான்னு நான் சொல்ல மாட்டேன். அதே முத்துப்பட்டன் கதையை நா. வானமாமலை பதிப்பிச்சு, 1971-ல மதுரைப் பல்கலைக்கழகந்தான் புத்தகமாப் போட்டுச்சு. பள்ளிக்கூடத்தைப் பாதியில விட்ட இடைசெவல் கி. ராஜநாராயணனைக் கூப்பிட்டுப் பேராசிரியர்னு உக்கார வச்சது புதுச்சேரிப் பல்கலைக்கழகம். மனசு இருந்தா கதவு தொறக்கும்போல. லண்டன்ல கிரஷாம் கல்லூரின்னு ஒண்ணு 1597-லேருந்து இருக்கு, அங்க பட்டமும் கிடையாது, சேர்ந்து படிக்குத மாணவரும் கிடையாது, யாரு வேணா வந்து உக்காந்து பேச்சைக் கேட்டுட்டுப் போலாம்னு நீதான சொன்ன. உங்க வாசல்ல நான் போன தடவை வந்தப்ப வாட்ச்மேன் யாரைப் பாக்கணும்னு கேட்டாரு. யாரையும் பாக்க வேண்டாம்யா, பேச்சுக் கேக்க வந்தேன்னேன். ஒரு மாதிரி பாத்தாரு. அப்படி ஒரு ஆளை அவரு சர்வீசுலயே பாத்ததில்ல போல.

உனக்குத் தைரியம் இருந்தா ஒண்ணு செய்யி. வில்லுப்பாட்டை மொதல்ல வை. சிறப்புரையை அடுத்து வை. ஆளுக ரெண்டு கேள்வி கேக்கட்டும். வாழ்த்துரை அஞ்சையும் கடைசியில, நன்றியுரைக்கும் பெறவு வை. யாரு எழுந்து போறா, யாரு உக்காந்திருக்கான்னு அப்பப் பாப்போம். வாழ்த்தணும்னு நெசமாவே ஆசை இருக்கவரு காத்திருந்து வாழ்த்திட்டுப் போட்டும்.

நான் கட்டாயம் வாரேன். ஆனா அந்தப் படிவம் நிரப்புத சோலி நமக்கு ஆவாது. உங்க துறைத்தலைவர் பெருந்தன்மையா பங்கேற்புச் சான்றிதழ் ஒண்ணு குடுத்தாருன்னா வேண்டாம்னு சொல்லி அவரு மனசை நோகடிக்க மாட்டேன். வாங்கிட்டு வந்து தொழுவத்துல மாட்டிப்புடுதேன். நாக் குழு நம்ம வீட்டுக்கும் வந்தாலும் வரும்.