காரணம் கேட்காத வீதி

எங்கள் தோழிகள் கூட்டத்தில் ஒருத்தி இத்தாலியில், சிசிலித் தீவின் பலேர்மோ நகரில் இருக்கிறாள். ஈழத் தமிழர் கணிசமாக வாழும் ஊர் அது. அங்குள்ள பெல்லெக்ரினோ மலைக்கு, புனித ரொசாலியாவைக் கும்பிட, எங்கள் சைவச் சனமும் ஏறிப் போகிறது. இங்கே இலங்கையில் மடு மாதாவிடம் எல்லாரும் போகிறோமே, அப்படி. போன கோடையில் தன்னோடு வேலை செய்யும் பெண்களோடு ஸ்கூட்டரில் நாட்டுப்புறம் சுற்றிய படங்களை அனுப்பியிருந்தாள். திராட்சைக் கொடிகள், கல்லால் கட்டிய பழைய வீடுகள், வளைந்து வளைந்து ஏறும் வீதி.

“என்ன அலுவலாப் போனனீங்கள்?” என்று கேட்டேன்.

“ஒரு அலுவலும் இல்லையடி. ஓடிப் பாக்கப் போனனாங்கள்.”

என் கேள்வி தானாக வந்தது. தொண்ணூறுகளில் வன்னியில் வளர்ந்த யாருக்கும் அப்படித்தான் வரும். அன்று அலுவல் இல்லாமல் அங்கே ஒரு சில்லும் உருண்டதில்லை.

1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் இடம்பெயர்ந்தபோது, கிளாலிக் கடலால் வன்னிக்கு வந்து சேர்ந்தோம். அடுத்த ஆண்டே கிளிநொச்சியும் கைவிட்டுப் போக, அக்கராயன், ஸ்கந்தபுரம், மல்லாவி என்று காட்டோரத்து ஊர்களெல்லாம் பட்டணங்களாயின. பொருளாதாரத் தடை நெரித்த காலம். பெற்றோல், சீமெந்து, பற்றறி எதையும் இராணுவம் வவுனியாவைத் தாண்ட விடாது. அப்பாவின் ஹொண்டா சீடி 125 மண்ணெண்ணெயில்தான் ஓடியது. விடியக் காலையில் பிளக்கைக் கழற்றி, படிந்த கரியைச் சுரண்டுவார். மருந்துப் போத்தலில் பொத்திப் பொத்தி வைத்திருந்த பெற்றோலில் நாலைந்து சொட்டைக் காபரேற்றருக்குள் விட்டு உதைப்பார். எஞ்சின் பிடித்துச் சூடேறிய பிறகுதான் மண்ணெண்ணெய்க்கு மாறும். வெண்புகை வளவை மூடும். தோய்த்துக் காயவைத்த சட்டையிலும் அந்த மணம் நிற்கும். இவ்வளவு பாடுபட்டு அதை வெளியே எடுப்பது, மலேரியாக் காய்ச்சலில் நடுங்குகிற யாரையாவது ஆஸ்பத்திரிக்கு ஏற்றத்தான்.

நாங்கள் பெட்டைகள் சைக்கிளில் கிறவல் றோட்டால் ரியூசனுக்குப் போனோம். கிபிர் விமானம் இரைந்தால் சைக்கிளைப் போட்டுவிட்டு வாய்க்காலுக்குள் குப்புறப் படுப்போம். அது போனதும் புத்தகத்தைத் தட்டி எடுத்துக்கொண்டு மிச்சத் தூரத்தை ஓடுவோம். எங்கள் ரீச்சர் ஒருவரிடம் ஹொண்டா சாலி ஒன்று இருந்தது, சின்னச் சில்லு, சிவப்பு நிறம். மண்ணெண்ணெய் கிடைக்கிற நாளில் அதில் வருவார். வன்னியில் பெண் மோட்டார் சைக்கிள் ஓடுவது அப்போதே புதினமில்லை. புலிகள் இயக்கப் பிள்ளைகள் ஓடினார்கள். மற்றப் பெண்களும் பார்த்துப் பழகிக்கொண்டார்கள். அந்தச் சிவப்புச் சாலியில் ஏறி, எங்கேயென்று இல்லாமல் போக வேண்டும் என்று நானும் பலேர்மோக்காரியும் ஆசைப்பட்டிருக்கிறோம்.

ஆனால் போக எங்கே இடம் இருந்தது? வவுனியாவுக்கு என்றால் இயக்கத்திடம் பாஸ் எடுக்க வேண்டும், பிணை நிற்க ஆள் வேண்டும், போகிற காரணத்தைச் சொல்லி நம்பவைக்க வேண்டும். வவுனியாவில் இறங்கினால் இராணுவத்திடமும் ஒரு பாஸ், ஒரு காரணம். இரண்டு பக்கத்துக்கும் காரணம் சொல்லிச் சொல்லியே வளர்ந்த தலைமுறை இது.

2002இல் சமாதானம் வந்து ஏ9 வீதி திறந்தது. பெற்றோல் வந்தது. நாங்கள் இரவல் வாங்கிய மோட்டார் சைக்கிள்களில் இருவர் இருவராக முறிகண்டி, மாங்குளம் தாண்டிப் போனோம். வழி நெடுக இரண்டு கரையிலும் மண்டையோடு போட்ட சிவப்புப் பலகைகள். கனகராயன்குளத்துக்குக் கிட்ட, தார் விளிம்பிலிருந்து பத்துப் பாகமும் இராது, பாலை மரம் ஒன்று மஞ்சள் மஞ்சளாகப் பழுத்து நின்றது. கீழே பழம் கொட்டிக் கிடந்தது. ஒருவரும் இறங்கவில்லை. தாரில் நின்றபடியே பார்த்துவிட்டுத் திரும்பினோம். 2006 ஓகஸ்டில் வீதியை மறுபடி மூடினார்கள்.

2009ஐப் பற்றி நான் நீட்டி எழுதப்போவதில்லை. பரந்தனிலிருந்து தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று முல்லைத்தீவுக்குப் போகும் ஏ35 வீதியால் சனம் முழுவதும் நகர்ந்தது. எண்ணெய் இருக்கும்வரை மோட்டார் சைக்கிளை ஓடினார்கள். தீர்ந்ததும் மூட்டையைக் கட்டி உருட்டினார்கள். முள்ளிவாய்க்காலில் போட்டுவிட்டு, வட்டுவாகல் பாலத்தை வெறுங்கையோடு கடந்தார்கள். பிறகு செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம். அப்பாவின் சீடி 125உம் முள்ளிவாய்க்கால் கரையில்தான் நின்றுபோனது.

இப்போது கூட்டத்தில் மிஞ்சியிருக்கிற நாங்கள் எல்லோரும் ஸ்கூட்டி வைத்திருக்கிறோம். ஆசிரியைகள் இருவர், சுகாதாரத் திணைக்களத்தில் ஒருத்தி, தையற்கடைக்காரி, கணவனைத் தேடிக்கொண்டிருக்கிற ஒருத்தி. வீதி காப்பெட். முகாமிலிருந்து திரும்பிய சனம் கூரை போட்டு முடிக்கும் முன்னரே ஏ9 நெடுக லீசிங் கடைகள் வந்து உட்கார்ந்துவிட்டன. முன்பு வாகனம் இருந்தது, எண்ணெய் இல்லை. பின்பு எண்ணெய் இருந்தது, மாதக் கட்டுப்பணத்துக்குக் காசு இல்லை. கட்டுப்பணம் தவறி வாசலில் நின்ற ஸ்கூட்டியை ஏற்றிக்கொண்டு போனபோது தையற்கடைக்காரி அழுத அழுகை எனக்கு மறக்காது. தோழிகள் சீட்டுக் காசு போட்டுத்தான் அதை மீட்டோம்.

2022இல் நாடு முழுவதும் பெற்றோல் வரிசையில் நின்றது. கியூஆர் அட்டையைக் காட்டினால் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். கொழும்பில் இருக்கிற உறவினர்கள் உலகம் முடிந்ததுபோல் ஃபோனில் சொன்னார்கள். கேட்டுக்கொண்டிருந்த அப்பாவின் கண் கலங்கியது. “இப்பதான் அவையளுக்கு விளங்கும்” என்றார். பழிபோட்டுச் சொல்லவில்லை, இரக்கப்பட்டுத்தான் சொன்னார். மண்ணெண்ணெயும் அந்த நேரம் கிடைக்கவில்லை. அதை நம்பியிருக்கும் முல்லைத்தீவு மீனவர்களின் படகுகள் கரையில் கிடந்தன.

கியூஆர் முறை 2023 செப்டெம்பரில் எடுபட்ட பிறகுதான் நாங்கள் ஓடத் தொடங்கினோம். விடிய, கிளிநொச்சிக் கந்தசாமி கோயிலடியில் சந்திப்போம். காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் 2017 பெப்ரவரி 20இல் போராட்டத்தைத் தொடங்கிய இடம் அது. எங்களில் கணவனைத் தேடுகிறவள் அங்கே வெயிலிலும் மழையிலும் இருந்தவள். சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் புறப்படுகிற இடமா அது என்று ஊரில் கேட்டவர்களும் உண்டு. அவளே தெரிந்தெடுத்த இடம் என்பதால் நாங்கள் மாற்றவில்லை.

முல்லைத்தீவுக் கடலுக்கும் வற்றாப்பளை அம்மனுக்கும் நேர்வழி பரந்தனால் திரும்பும் ஏ35தான். அவள் அந்த வழியால் வரமாட்டாள். “உந்தப் பாலத்தாலை மட்டும் என்னைக் கூப்பிடாதேங்கோடி” என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். வட்டுவாகலில் புதுப் பாலத்துக்கு 2025 செப்டெம்பரில் வேலை தொடங்கிவைத்தார்கள். அது முடிந்தாலும் வரமாட்டாளாம். ஆகவே மாங்குளத்துக்குப் போய், ஒட்டுசுட்டான், முள்ளியவளை வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறோம். சுற்று என்றாலும் நல்ல சுற்று. முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிறுத்திக் கச்சான் வாங்கலாம். ஒட்டுசுட்டானில் தான்தோன்றீஸ்வரரைக் கும்பிடலாம். இடையில் காடு இரண்டு பக்கமும் நெருங்கி வரும். யானைக்குப் பயந்து ஒருவரை ஒருவர் விட்டு ஓடமாட்டோம்.

போன வைகாசியில், வற்றாப்பளைப் பொங்கலுக்கு முந்திய கிழமை, மாங்குளத்தில் திரும்பாமல் கனகராயன்குளம் வரை விட்டேன். மற்றவர்களும் பின்னால் வந்தார்கள். சிவப்புப் பலகைகள் இல்லை. இந்த மண்ணில் கண்ணிவெடி எடுத்தவர்களில் எங்கள் ஊர்ப் பெண்கள் நிறையப் பேர். முகமாலையில் கவசம் போட்டு முழங்காலில் இருந்து, மண்ணை விரல்விரலாகக் கிளறியவர்கள். அன்று பார்த்த அதே மரம்தானா என்று தெரியவில்லை, ஆனால் பாலைப்பழம் கொட்டிக் கிடந்தது. ஸ்கூட்டியை ஓரம்கட்டிவிட்டு இறங்கினோம். பாலைப்பழத்துப் பால் உதட்டில் பிசினாக ஒட்டும். அது ஒட்ட ஒட்ட, யார் கூடத் தின்றது என்று சண்டை. கொஞ்சத்தைத் தேக்கமிலையில் கட்டிக்கொண்டோம், அப்பாவுக்கு.

அடுத்ததாகப் பூநகரிப் பக்கம் போவதாகக் கதை. சங்குப்பிட்டிப் பாலத்தால் போய் வரலாம் என்கிறாள் தையற்கடைக்காரி. மாரிக்கு முதல் போகவேண்டும். பிந்தினால் காற்று ஆளையே தள்ளும்.