உதைத்த கணக்கு

1950-களில் சிகாகோ நகரத்தில் ஒரு கணக்கர் இருந்தார். பெயர் பாப் நியூஹார்ட். பெட்டி கேஷ் அவர் பொறுப்பு. ஆபீசில் யாருக்காவது டாக்சிக்கோ தபால்தலைக்கோ காசு வேண்டுமென்றால் வவுச்சரில் கையெழுத்து வாங்கிக்கொண்டு டப்பாவைத் திறந்து எடுத்துக் கொடுக்க வேண்டும். சாயங்காலம் டப்பாவில் மிச்சமிருக்கும் காசையும் வவுச்சர்களையும் கூட்டினால் ஆரம்பத்தில் கொடுத்த தொகை வர வேண்டும். வராது. ஒரு டாலர் சொச்சம் உதைக்கும்.

உத்தமமான கணக்கர் என்ன செய்வார்? பெண்டாட்டி பிள்ளைகளை மறந்து, ராத்திரி பத்து மணிவரை அந்த ஒரு டாலரைத் தேடுவார். நியூஹார்ட் தன் பாக்கெட்டிலிருந்து அந்த ஒரு டாலர் சொச்சத்தை எடுத்து டப்பாவில் போட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்பிவிடுவார். என்றைக்காவது டப்பாவில் அதிகம் இருந்தால் அதை எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொள்வார். ஆக வருஷக் கடைசியில் யாருக்கும் நஷ்டமில்லை.

மேலதிகாரிக்கு இந்தத் தத்துவம் பிடிபடவில்லை. இது முறையான கணக்கியல் இல்லை என்றார். ஒரு டாலரைத் தேட நீங்கள் எனக்குக் கொடுக்கும் மணிக்கூலி அந்த ஒரு டாலரைவிட அதிகமாயிற்றே என்று நியூஹார்ட் கேட்டார். பொருளாதாரப்படி இது அசைக்க முடியாத வாதம். கணக்குப் பிரிவில் ஒரு மனிதனுக்கு எதிர்காலமே இல்லை என்பதற்கும் அசைக்க முடியாத சான்று. ஏறக்குறைய வந்தால் போதும் என்பதுதான் தன் கொள்கை என்று பின்னாளில் அவரே மேடைக்கு மேடை ஒப்புக்கொண்டார். ஏறக்குறைய என்ற கொள்கையோடு பாலம் கட்டுகிறவர்கள்கூட இருக்கிறார்கள். பேலன்ஸ் ஷீட் போடுகிறவன் இருக்கக் கூடாது.

இப்படிக் கதையை ஆரம்பித்ததும், மனிதர் ஒருநாள் டையைக் கழற்றி வீசிவிட்டுக் கனவைத் துரத்தி ஓடினார் என்று எதிர்பார்ப்பீர்கள். தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் நம்மை அப்படிக் கெடுத்து வைத்திருக்கிறார்கள். நியூஹார்ட் எதையும் துரத்தியவரில்லை. வழுக்கிக்கொண்டே போனார். 1929-ல் பிறந்தவர், லயோலா பல்கலைக்கழகத்தில் வணிகப் பட்டம், 1952. உடனே ராணுவத்தில் பிடித்துப் போட்டார்கள். கொரியப் போர் நடந்துகொண்டிருந்தபோது இவர் அமெரிக்காவிலேயே உட்கார்ந்து ஆள் கணக்குப் பார்த்தார். திரும்பி வந்து சட்டம் படித்தார், முடிக்கவில்லை. யுனைடெட் ஸ்டேட்ஸ் ஜிப்சம் கம்பெனியில் கணக்கர் ஆனார். பிறகு அரசாங்கத்தின் வேலையில்லாதோர் உதவித்தொகை அலுவலகத்தில் குமாஸ்தா.

அவர் வாழ்க்கையில் உருப்படியாகப் போட்ட ஒரே கணக்கு அங்கே போட்டதுதான்.  கவுன்டருக்கு எதிர்ப்பக்கம் வரிசையில் நிற்கும் வேலையில்லாதவருக்குக் கிடைக்கும் உதவித்தொகை, குமாஸ்தாவின் வாரச் சம்பளத்தைவிடச் சில டாலர்தான் குறைவு. குமாஸ்தா தினமும் வர வேண்டும். வேலையில்லாதவர் வாரத்துக்கு ஒருநாள் வந்து கையெழுத்துப் போட்டால் போதும். கவுன்டரின் எந்தப் பக்கம் நிற்பது லாபம் என்று கண்டுபிடிக்க லயோலா பட்டமெல்லாம் தேவையில்லை. வேலையை விட்டார்.

அடுத்து ஒரு படத் தயாரிப்பு நிறுவனத்துக்கு விளம்பர வாசகம் எழுதினார். வேலை சலிக்கும்போது எட் கல்லாகர் என்ற நண்பருக்குப் போன் போடுவார். யாரோ ஒரு பைத்தியக்காரன்போல் இவர் பேச, அவர் முகத்தைச் சிரிக்காமல் வைத்துக்கொண்டு கேள்வி கேட்க, நேரம் போகும். (தனியார் துறையின் உற்பத்தித் திறன் பற்றி வகுப்பெடுப்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம்.) இதையே ஒலிநாடாவில் பதிந்து வானொலி நிலையங்களுக்கு விற்றார்கள். வரவைவிடச் செலவு அதிகம். ஒரு கணக்கர் கையில் வைத்திருந்த வியாபாரம் வேறு எப்படி இருக்கும்? கல்லாகருக்கு நியூயார்க்கில் நல்ல வேலை கிடைத்தது, போய்விட்டார்.

கையில் மிஞ்சியது ஒரு டெலிபோன், மறுமுனையில் ஆளில்லை. நியூஹார்ட் வேறு ஆள் தேடவில்லை. மறுமுனையில் ஒருவர் பேசுவதாகப் பாவித்துக்கொண்டு தன் பாதியை மட்டும் பேச ஆரம்பித்தார்.

இங்கே ஒரு துறவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். லூக்கா பசியோலி என்ற பிரான்சிஸ்கன் துறவி 1494-ல் வெனிஸ் நகரத்தில் ஒரு புத்தகம் போட்டார். பற்று ஒரு பக்கம், வரவு ஒரு பக்கம், ஒவ்வொரு வரவுக்கும் ஒரு பற்று உண்டு என்ற இரட்டைப் பதிவு முறையை முதலில் அச்சில் விளக்கியது அதுதான். காசு பணமே வேண்டாம் என்று சத்தியம் செய்துகொடுத்தவர்தான் காசுக்குக் கணக்கு எழுதுவது எப்படி என்று நமக்குக் கற்றுக்கொடுத்தார். ஐந்நூறு வருஷமாக உலகமே அந்தத் துறவிக்குக் கட்டுப்பட்டுக் கிடக்க, சிகாகோக்காரர் ஒரு பக்கத்தை மட்டும் எழுதினார். அடுத்த பக்கத்தை எழுதுவது கேட்கிறவர் பொறுப்பு. இவர் பேச்சை நிறுத்தி, ம்... என்று இழுத்து, கேட்டதை நம்ப முடியாமல் விழிக்கும்போது, மறுமுனை என்ன சொல்லியிருக்கும் என்று அரங்கமே மனசுக்குள் பதிவு போட்டுக்கொண்டு சிரிக்கும். ஆபீசில் டேலி ஆகாத தொகையை சஸ்பென்ஸ் அக்கவுன்ட்டில் போட்டால் ஆடிட்டர் திட்டுவார். இவர் மொத்தப் பிழைப்பையும் சஸ்பென்ஸ் அக்கவுன்ட்டிலேயே நடத்தினார். கணக்கியலை அவர் கைவிட்டார் என்பதைவிடப் பாதியில் நிறுத்தினார் என்பதே சரி.

அந்த டெலிபோனில் அவர் கூப்பிட்டது பெரிய மனிதர்களை. கெட்டிஸ்பர்க் உரைக்குக் கிளம்பும் ஆபிரகாம் லிங்கனுக்கு ஒரு விளம்பர ஏஜென்ட் போன் செய்கிறான். உரையின் தொடக்கத்தில் நான்கு இருபதும் ஏழும் என்று சுற்றி வளைத்துச் சொன்னதை லிங்கன் 87 என்று மாற்றிவிட்டாராம். ஏஜென்ட் பதறுகிறான்: அதைத் தொடாதே, மக்களிடம் பரிசோதித்துப் பார்த்துவிட்டோம். பேச்சைத் தட்டச்சு செய்துவிட்டாயா? கவரின் பின்பக்கத்தில் எழுத வேண்டும் என்று எத்தனை தடவை சொல்வது? தாடியை எடுக்கவே கூடாது. சரித்திரம் தொழும் மகானை, எழுதிக் கொடுத்ததை ஒழுங்காகப் படிக்கத் தெரியாத தேர்தல் வேட்பாளராக்கிவிட்டார் மனிதர். அமெரிக்கா கோபப்படவில்லை, விழுந்து விழுந்து சிரித்தது. நான்கு இருபதையும் ஏழையும் கூட்டி 87 என்று எழுதும் அந்த லிங்கனுக்குள் ஒரு கணக்கர் உட்கார்ந்திருந்தார் என்பது என் சந்தேகம்.

சர் வால்டர் ராலேயும் தப்பவில்லை. அமெரிக்காவிலிருந்து புகையிலையைக் கப்பலேற்றிவிட்டு அவர் லண்டனுக்குப் போன் செய்கிறார். லண்டனில் இருப்பவர் நிதானமாக விவரம் கேட்டுக்கொள்கிறார்: இலையைச் சுருட்டுவது, உதட்டில் வைத்துக்கொள்வது, அப்புறம்... தீ வைத்துக்கொள்வதா?

டான் சார்கின் என்ற வானொலி அறிவிப்பாளர், நியூஹார்ட் இப்படித் தனியாகப் பேசிப் பதிந்த சில நாடாக்களை வார்னர் பிரதர்ஸ் ரெக்கார்ட்ஸ் ஆட்களுக்குப் போட்டுக் காட்டினார். 1958-ல் தொடங்கித் தள்ளாடிக்கொண்டிருந்த கம்பெனி அது. தள்ளாடுகிறவர்களுக்குத்தான் இப்படிப்பட்ட துணிச்சல் வரும். அடுத்த தடவை கிளப்பில் மேடையேறும்போது பதிவு செய்துகொள்கிறோம் என்றார்கள். அதில் ஒரு சின்னச் சிக்கல்: நியூஹார்ட் அதுவரை எந்த கிளப்பிலும் மேடையேறியதில்லை. இசைத்தட்டு வெளியிடுவதற்காக முதலில் ஒருவரைக் கலைஞராக்க வேண்டியிருந்தது. ஹூஸ்டன் நகரத்து டைட்லேண்ட்ஸ் கிளப், பிப்ரவரி 1960. கைவசம் இருந்த உருப்படிகளை முடித்துவிட்டு இறங்கினால் கைதட்டல் ஓயவில்லை. திரும்பிப் போங்கள் என்று கிளப்காரர் தள்ளுகிறார். சரக்கு தீர்ந்துவிட்டதே! மறுபடி மேடையேறி, நான் சொன்னதில் எதை இன்னொரு தடவை கேட்க ஆசைப்படுகிறீர்கள் என்று ஜனங்களிடமே விசாரித்தாராம். சரக்கு இருப்பைச் சரிபார்க்காமல் கடை திறந்தவர் கதி.

அந்தத் தட்டு, 'தி பட்டன்-டவுன் மைண்ட் ஆஃப் பாப் நியூஹார்ட்', பில்போர்டு பட்டியலில் முதலிடம் பிடித்த முதல் நகைச்சுவைத் தட்டு. 1961 கிராமி விழாவில் ஆண்டின் சிறந்த ஆல்பம் விருதுக்கு ஃபிராங்க் சினாட்ராவும் நாட் கிங் கோலும் போட்டியில் இருந்தார்கள். விருது முன்னாள் கணக்கருக்குப் போனது. சிறந்த புதுக்கலைஞர் விருதும் அவருக்கே. இரண்டு பாட்டுக்காரர்களும் தொண்டையைக் காப்பாற்ற வருஷக்கணக்கில் பாடுபட்டிருப்பார்கள். இவர் மூலதனம் திக்குவாய்.

நிஜமான திக்குவாய்தான், பாவனை இல்லை. பின்னாளில் தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் நேரம் மிஞ்சிப் போகிறது, திக்குவதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள் என்று தயாரிப்பாளர் தரப்பில் கேட்டார்களாம். என் பெவர்லி ஹில்ஸ் வீட்டை வாங்கிக் கொடுத்ததே அந்தத் திக்கல்தான் என்று மறுத்துவிட்டார். வாழ்நாள் முழுக்க 'ஏறக்குறைய' போதும் என்றிருந்தவர், கடைசியில் ஒரு திக்கலைக்கூடத் தள்ளுபடி செய்யச் சம்மதிக்கவில்லை.

1972 முதல் 1978 வரை ஒரு தொடர், 1982 முதல் 1990 வரை இன்னொன்று. இரண்டுமே கொடிகட்டிப் பறந்தன. எம்மி விருது மட்டும் வரவில்லை. 2013-ல், 84 வயதில், 'தி பிக் பாங் தியரி' தொடரில் கௌரவ வேடம் போட்டதற்குக் கொடுத்தார்கள். நிலுவை என்றால் என்னவென்று தெரிந்தவர், பொறுமையாக வசூலித்துக்கொண்டார். 2024 ஜூலையில் 94 வயதில் காலமானார்.

அந்த முதல் தட்டு இன்றும் இணையத்தில் கேட்கக் கிடைக்கிறது. அமெரிக்க நகைச்சுவை வேகம் நமக்குப் பிடிபடாது என்று தயங்காதீர்கள், இவர் மெதுவாக, திக்கித் திக்கித்தான் பேசுவார். லிங்கனில் ஆரம்பியுங்கள், அடுத்து ரைட் சகோதரர்கள். கணக்குப் பிரிவில் வேலை செய்கிறவர்கள் மட்டும் மார்ச் 31 கழியட்டும் என்று காத்திருப்பது நல்லது.